ஊசிக்கு மறுநாள்: சப்ரகமுவத் தோட்டங்களில் பெற்றோரின் தயக்கம்

இலங்கையில் பிறந்த பிள்ளைக்குத் தடுப்பூசி போடாத தாயைக் காண்பது மிக அரிது. 1978இல் நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. 1993க்குப் பிறகு இங்கே போலியோ எந்தப் பிள்ளையின் காலையும் முடக்கவில்லை. 2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடுகளின் வரிசையில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையைச் சேர்த்தது. இந்தப் பெருமையில் தோட்டத்துத் தாய்க்கும் பங்குண்டு. கிளினிக் நாளில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, பிள்ளைக் காம்பராவிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றவள் அவள். அதே தாய், 2021இன் பிற்பகுதியில் பிள்ளைகளுக்கும் கோவிட் ஊசி என்ற பேச்சு வந்ததும், "கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்" என்றாள். காசநோய், போலியோ, ஏற்பு, சின்னமுத்து என்று வந்த ஊசிகளுக்கெல்லாம் கையை நீட்டிக் கொடுத்தவள், இந்த ஒன்றின் முன்னால் ஏன் நின்றாள்?

அறியாமை என்று இதற்குச் சுலபமாகப் பதில் சொல்லிவிடுகிறார்கள். தோட்டத்து மக்களைப் பற்றி எந்தக் கேள்வி எழுந்தாலும் முதலில் வரும் பதில் அதுதான், பெரும்பாலும் பிழையாக வரும் பதிலும் அதுதான். சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களைச் சற்று நெருங்கிப் பார்த்தால், அந்தத் தயக்கத்துக்குள் வரலாறும் நாட்சம்பளமும் மொழியும் வைத்தியசாலைக்கு உள்ள தூரமும் தெரிகின்றன. மருந்தைப் பற்றிய சந்தேகம் அதில் ஒரு பகுதி மட்டுமே.

மலையகம் என்றதும் எல்லோருக்கும் நுவரெலியாவும் ஹட்டனும் நினைவுக்கு வரும். சப்ரகமுவ நினைவுக்கு வருவதில்லை. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, புளத்கொஹுபிட்டிய என்று கேகாலைப் பக்கமும், பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, நிவித்திகலை என்று இரத்தினபுரிப் பக்கமும் தேயிலையும் இறப்பரும் கலந்து கிடக்கின்றன. தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே துண்டு துண்டாக உள்ளன. நுவரெலியாவில் தமிழ் பேசும் தாதியோ அதிகாரியோ ஒருவராவது அகப்படுவார். இங்கே தமிழர் மாவட்டத்தின் சிறு பகுதி. அலுவலகமும் ஆஸ்பத்திரியும் பெரும்பாலும் சிங்களத்தில் இயங்குகின்றன. அரசியல்வாதிகளின் வரவும் குறைவு. ஒரு தொற்றுக் காலத்தில் இந்தச் சிதறல் மிகப் பெரிய பாரமாகிவிடுகிறது, ஏனென்றால் செய்தி கொண்டுபோக ஆள் வேண்டும், அந்த ஆள் தோட்டத்துக்குத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும்.

தயக்கம் என்ற சொல்லை எப்படி அளப்பது என்பதில் முதலில் ஒரு தெளிவு வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2014இல் இதற்கு ஒரு வரையறை தந்தது: தடுப்பூசி கிடைக்கக்கூடிய நிலையிலும் அதைப் பிற்போடுவது அல்லது மறுப்பது. நம்பிக்கைக் குறைவு, நோயைப் பற்றிய அசட்டை, வசதிக் குறைவு ஆகிய மூன்றையும் காரணங்களாக அக்குழு சொன்னது. 2019இல், கோவிட் வருவதற்கு முன்பே, உலக நலத்துக்கான பத்து அச்சுறுத்தல்களில் ஒன்றாகத் தடுப்பூசித் தயக்கம் பட்டியலிடப்பட்டது. என் கண் "கிடைக்கக்கூடிய நிலையிலும்" என்ற நிபந்தனையில்தான் நிற்கிறது. தோட்டத்திலிருந்து பஸ் போகும் வீதிக்கு நடந்து இறங்கி, டவுனுக்குப் போய், ஒரு நாள் சம்பளத்தை இழந்து போட வேண்டிய ஊசியைக் கிடைக்கக்கூடியது என்று எழுதிவிடலாமா? போகாத தாயைத் தயங்கியவள் என்று பதிவேட்டில் குறிப்பவர் அவளுக்கு அநியாயம் செய்கிறார். இங்கே தயக்கம் என்று எண்ணப்பட்டதில் ஒரு பங்கு வெறும் வசதியின்மை. அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதே உண்மையான தயக்கம்.

மிஞ்சுவதற்கு வேர் உண்டு. தென்னிந்தியாவிலிருந்து இந்தத் தோட்டங்களுக்கு ஆட்கள் கொண்டுவரப்பட்ட காலத்தில், மண்டபம் என்ற ஊரின் முகாமில் அவர்களை நிறுத்திவைத்து, பரிசோதித்து, அம்மை குத்தி, பிறகே கப்பலேற்றினார்கள். ஊசிக்கும் இந்தச் சமூகத்துக்கும் முதல் அறிமுகம் அப்படி நடந்தது. யாரும் சம்மதம் கேட்கவில்லை, யாரும் விளக்கம் சொல்லவில்லை. பெரியம்மையிலிருந்து அது உயிர்களைக் காத்தது என்பதும் உண்மை. ஆனால் உடம்பின் மேல் தனக்கு உரிமை இல்லை என்ற பாடத்தையும் அது கூடவே புகட்டியது. 1948இல் பிரசாவுரிமையும் போனது. அரசுக்கும் தோட்டத்துக்கும் இடையே துரையும் கம்பனியும் நின்றார்கள். கிராமத்துக்கு வந்த அரச சுகாதார சேவை தோட்ட எல்லையில் நின்றுவிட, உள்ளே ஒரு டிஸ்பென்சரியும் ஒரு மருந்துக்காரரும் இருந்தார்கள். 1970களின் நடுவில், பஞ்ச காலத்தில், தோட்டத்துச் சிசு மரணம் தேசிய சராசரியின் இரு மடங்கைத் தாண்டியது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பெண்கள் இன்னும் கூடுதலாக நினைவில் வைத்திருக்கிறார்கள். 1980களில் கருத்தடைச் சத்திர சிகிச்சை செய்துகொள்வோருக்கு அரசு 500 ரூபாய் வரை ஊக்கப் பணம் கொடுத்தது. அன்றைய தோட்டச் சம்பளத்தில் அது பெரிய தொகை. நிரந்தரக் கருத்தடை விகிதம் நாட்டிலேயே தோட்டங்களில் அதிகமாக இருந்தது. எத்தனை பெண்கள் முழுதாகப் புரிந்துகொண்டு ஒப்பினார்கள் என்ற கேள்வி இன்றுவரை தீரவில்லை. ஆகவே 2021இல் "இந்த ஊசி போட்டா பொம்பளப் புள்ளைக்குப் பின்னாடி குழந்தை தங்காதாம்" என்ற கதை பரவியபோது, அதைக் கேட்டுச் சிரிப்பதற்கு அங்கே யாருக்கும் மனம் வரவில்லை. கோவிட் தடுப்பூசி கருவளத்தைக் கெடுக்கிறது என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. அந்தக் கதை பொய். ஆனால் அது விழுந்த மண் பொய்யல்ல. இந்த அச்சம் தோட்டத்துக்கு மட்டும் உரியதும் அல்ல: 2018 பெப்ரவரியில் அம்பாறையில் கடைச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை என்ற வதந்தி வன்முறையாகவே வெடித்தது. அது வெறும் மாச்சத்துக் கட்டி என்று பிறகு அரச பகுப்பாய்வில் தெரிந்தது. இந்த நாட்டில் ஒவ்வொரு சமூகமும் மற்றதன் பெருக்கத்தைப் பற்றிய பயத்தோடு வாழப் பழக்கப்பட்டிருக்கிறது.

சப்ரகமுவவுக்கென்றே ஒரு தனி அத்தியாயமும் உண்டு. 2020 டிசம்பரில், கேகாலைக்குப் பக்கத்தில் ஹெட்டிமுல்லையில், தம்மிக்க பண்டார என்பவர் தேனும் சாதிக்காயும் சேர்த்த ஒரு பாணியைக் கொடுத்தார். காளியம்மன் அருளிய சூத்திரம் என்றும், கோவிட்டைத் தடுக்கும் என்றும் சொன்னார். ஆயிரக்கணக்கானோர் முகக்கவசத்தையும் இடைவெளியையும் மறந்து முண்டியடித்தார்கள். அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னிஆரச்சி, இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர், பகிரங்கமாக அந்தப் பாணியைக் குடித்தார். அதற்கு முந்தைய மாதம் மந்திரித்த நீர்ப் பானையை ஆற்றில் விட்டவரும் அவரே. 2021 ஜனவரியில் அவருக்கே கோவிட் தொற்றியது.

பாணி வாங்க நின்ற ஏழைகளை நான் குறை சொல்ல மாட்டேன். மருந்தே இல்லாத நோய் வந்தால் மனிதர் எதையும் தேடுவர். ஆனால் நாட்டின் சுகாதாரத்துக்குப் பொறுப்பானவர், ஆய்வு முடியாத ஒன்றைக் கமெராவின் முன் குடித்தது மன்னிக்கக்கூடியதல்ல. அடுத்த மாதமே அதே அமைச்சு "விஞ்ஞானத்தை நம்பி ஊசி போடுங்கள்" என்று மக்களைக் கேட்க வேண்டி வந்தது. லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்கள் இரண்டையும் ஒரே வாயிலிருந்து கேட்டார்கள். அந்த வாய் எதைச் சொன்னாலும் பொறுத்துப் பார்ப்பதுதான் புத்தி என்று ஒரு தகப்பன் முடிவெடுத்தால், அதை எப்படி அறியாமை என்பது?

ஊசி வந்த விதமும் நம்பிக்கையை வளர்க்கவில்லை. இந்தியா அன்பளிப்பாக அனுப்பிய 5 இலட்சம் கோவிஷீல்ட் டோஸ்களோடு 2021 ஜனவரி 29 அன்று பணி தொடங்கியது. சில மாதங்களில் இந்தியாவில் இரண்டாம் அலை எழுந்து ஏற்றுமதி நின்றது. முதல் டோஸ் போட்ட ஏறத்தாழ 6 இலட்சம் பேர் இரண்டாவதுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். சீனாவின் சினோபார்முக்கு உலக சுகாதார நிறுவனம் மே 7 அன்று அவசரகால அனுமதி கொடுத்தது. மறுநாளே இலங்கையர்களுக்கு அது போடப்பட்டது. ஜூலையில் பைசரும் மொடேர்னாவும் வந்தன. எந்த ஊருக்கு எந்த ஊசி, ஏன் அது இவர்களுக்கு, இது அவர்களுக்கு என்று மக்களுக்கு யாரும் சொல்லவில்லை. தோட்டங்களில் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் சினோபார்ம் கிடைத்தது. ஒரு நாள் கை வலித்தது, சிலருக்குக் காய்ச்சல், அவ்வளவுதான். அந்த அனுபவம் பிள்ளைகளின் விஷயத்தில் பெற்றோருக்குத் துணை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஏனென்றால் 2021 செப்டெம்பர் 24 அன்று, நாட்பட்ட நோயுள்ள 12 முதல் 19 வயது வரையானோரில் தொடங்கிய சிறுவர் தடுப்பூசி பைசர். தான் போட்டுப் பார்த்தது ஒன்று, பிள்ளைக்குத் தரப்போவது வேறொன்று. முதலிலிருந்து மறுபடியும் நம்ப வேண்டியிருந்தது.

கையிலிருந்த தொலைபேசி இன்னொரு பக்கம் இழுத்தது. சப்ரகமுவத் தோட்டங்களுக்குத் தமிழில் வரும் செய்தியில் பெரும் பங்கு தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார், எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று கேமராக்களின் முன் கேட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி இறந்துபோனார். மரத்தை நடச் சொல்லியும் மூடநம்பிக்கையைச் சாடியும் இரண்டு தலைமுறைக்குப் பழக்கமான முகம் அது. அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று இந்தியாவின் தேசியக் குழு அறிவித்தபோது ஒக்டோபர் ஆகிவிட்டது. இடைப்பட்ட ஆறு மாதமும் வட்ஸ்அப்பில் ஓடியது அந்த இரண்டு நாள் கதை மட்டுமே. 2017 பெப்ரவரியில் தமிழ்நாட்டில் சின்னமுத்து, ருபெல்லா ஊசி இயக்கத்தின்போதும் இதே வழியாகவே வதந்தி ஓடி, இயக்கத்தின் காலத்தையே நீட்ட வேண்டி வந்தது. இலங்கையின் சுகாதாரத் திணைக்களம் மறுப்புகளை விடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து தமிழில் வந்த பயத்துக்குக் கொழும்பிலிருந்து சிங்களத்தில் வந்த மறுப்பு மருந்தாகுமா?

இனி பெற்றோரின் கேள்வியை அதன் தகுதியில் எடுத்துப் பார்க்க வேண்டும். "புது ஊசியாச்சே" என்பதில் நியாயம் உண்டா? உண்டு. 12 முதல் 15 வயதினருக்குப் பைசர் நடத்திய சோதனையில் 2,260 பேர் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கே உண்மையான ஊசி. நோயைத் தடுக்கிறதா என்று அறிய அது போதும், நன்றாகத் தடுத்தது. ஆனால் பல்லாயிரத்தில் ஒருவருக்கு வரும் ஒரு பக்கவிளைவு ஆயிரம் பேரில் கண்ணில் படாது. இதயத் தசை அழற்சி அப்படித்தான் பிறகு தெரியவந்தது. இளம் ஆண்களில், பெரும்பாலும் இரண்டாம் டோஸுக்குப் பிறகு, அரிதாக வருவதை இஸ்ரேலும் அமெரிக்காவும் 2021 நடுப்பகுதியில் கண்டு அறிவித்தன. வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் குணமடைந்தார்கள். கோவிட் நோயே இதயத்தைத் தாக்கக்கூடியது. சில பிள்ளைகளுக்கு நோய் போன சில வாரங்களில் பல உறுப்புகளையும் தாக்கும் கடும் அழற்சி வந்தது. கணக்குப் போட்டால் ஊசியின் பக்கமே தட்டு சாய்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் பாட்டியும் பேரனும் ஒரே மூச்சுக்காற்றைப் பகிரும் வீட்டில் இன்னும் சாய்கிறது. 2021 ஒக்டோபர் 21 அன்று 200க்குக் குறைந்த மாணவர் உள்ள ஆரம்பப் பாடசாலைகள் முதலில் திறந்தபோது, பல மாதம் சிக்னல் தேடி மலையேறிய தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை திறந்தே இருக்க வேண்டிய தேவையும் எல்லோரையும்விட அதிகமாக இருந்தது.

ஆனால் இந்தக் கணக்கை யார் அந்தத் தகப்பனிடம் உட்கார்ந்து போட்டுக் காட்டினார்கள்? "முற்றிலும் பாதுகாப்பானது" என்ற ஒற்றை வரி அறிவிப்பு, கேள்வி கேட்டவரை முட்டாளாக்கியது. அரிய ஆபத்து உண்டு, அறிகுறி இது, நெஞ்சு வலித்தால் உடனே இங்கே கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தால் அவர் கூடுதலாக நம்பியிருப்பார். குறையை மறைப்பவரிடம் வேறு எதுவும் மறைந்திருக்கும் என்று நினைப்பது மனித இயல்பு.

இலங்கைக்கே இதில் நல்ல பாடமொன்று உண்டு, அதை ஏன் 2021இல் எடுத்துச் சொல்லவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. 2008 ஜனவரியில் ஐந்து நோய்களுக்கு ஒன்றாகப் போடும் ஐங்கூட்டுத் தடுப்பூசி அறிமுகமானது. மூன்று மாதத்துக்குள் சில குழந்தைகளின் மரணங்கள் பதிவாயின. அந்தத் தொகுதி நிறுத்தப்பட்டது. 2009 ஏப்ரலில் இன்னொரு மரணம் வந்ததும் ஐங்கூட்டு ஊசியையே நிறுத்திவிட்டு, பழைய முக்கூட்டு ஊசிக்கும் தனியான ஹெபடைடிஸ் பி ஊசிக்கும் திரும்பினார்கள். சுயாதீன நிபுணர்கள் வந்து ஆராய்ந்தார்கள். மரணங்களுக்கு ஊசி காரணம் என்று நிறுவப்படவில்லை. 2010இல் அதே ஊசி திரும்பி வந்தது, தாய்மார் திரும்பவும் வந்தார்கள். ஒவ்வொரு மரணத்தையும் பெரிதாக எடுத்து, நிறுத்தி, விசாரித்து, முடிவைச் சொன்னதால் நம்பிக்கை உடையவில்லை. ஜப்பானில் வேறு விதமாக நடந்தது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான ஊசியைப் பற்றிப் புகார்கள் வந்ததும் 2013 ஜூனில் அரசு தன் பரிந்துரையை மீளப் பெற்றது. திரும்பப் பரிந்துரைக்க 2022 ஏப்ரல் ஆனது. நூற்றுக்கு எழுபது அளவில் இருந்த ஊசி போடுவோர் விகிதம் ஒன்றுக்கும் கீழே விழுந்தது. நிறுத்துவது தவறல்ல, நிறுத்திவிட்டு வாய்மூடி இருப்பதுதான் ஒரு தலைமுறைப் பெண்களின் உயிரோடு விளையாடுவது. இலங்கை 2017இல் ஆறாம் வகுப்பு மாணவியருக்கு அதே ஊசியைப் பாடசாலையிலேயே கொடுக்கத் தொடங்கி வெற்றி கண்டது.

கோவிட் ஊசிக்கும் அந்த ஊசிகளுக்கும் என்ன வேறுபாடு? பெரிய வேறுபாடு கொண்டுவந்த ஆள். குழந்தை ஊசியைத் தாய்க்குக் கொண்டுவருபவர் குடும்ப நல உத்தியோகத்தர், தோட்டத்தில் மிஸ்ஸி. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்து எடை பார்த்தவர், பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டில் ஒவ்வொரு ஊசியையும் தன் கையால் எழுதுபவர். காய்ச்சல் வந்தால் அவரைத் தேடிப் போகலாம். கோவிட் ஊசி பல இடங்களில் இராணுவ ஏற்பாட்டில், பாடசாலை மண்டபத்தில், முன்பின் தெரியாத முகங்களோடு வந்தது. கோவிட் செயலணியின் தலைவராக இராணுவத் தளபதி இருந்த நாட்டில் அது வியப்பில்லை. வேகமாக ஊசி போட அது உதவியது என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன், 2021 முடிவதற்குள் நாட்டின் அரைவாசிக்கும் மேற்பட்டோருக்கு இரு டோஸும் கிடைத்தன. ஆனால் மண்டபம் அன்று மாலையே காலியாகிவிடும். "ராத்திரி புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பாக்குறது?" என்ற கேள்விக்கு அங்கே பதில் சொல்ல யாரும் இருக்கவில்லை. என் வாசிப்பில் சப்ரகமுவத் தயக்கத்தின் நடுப்புள்ளி இதுதான். பெற்றோர் பயந்தது ஊசி போடும் நாளுக்கல்ல, அதற்கு மறுநாளுக்கு.

அந்த மறுநாளுக்கு ஒரு விலையும் இருந்தது. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக வர்த்தமானியில் வந்தது. நிர்ணயித்த கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். இறப்பர் மலையில் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, பேரும் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அம்மா ஒரு நாள் நின்றால், அந்த வாரத்து மாவும் பருப்பும் குறையும். காய்ச்சல் கூடி இரவில் வாகனம் பிடிக்க வேண்டி வந்தால் அது பல நாள் சம்பளம். நோயின் ஆபத்து எப்போதோ வரக்கூடியது, சம்பள நட்டம் நாளைக்கே வருவது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு தாய் செய்த கணக்கைக் கேட்டுப் பாராமல் அவளுக்கு அறிவுரை சொல்வது பயனற்றது.

கேகாலையின் பழைய வரலாறு ஒன்று இங்கே வழிகாட்டுகிறது. 1934–35இல் மலேரியா வந்து இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். மிகக் கொடிதாக அடிபட்ட பகுதிகளில் கேகாலையும் ஒன்று. சூரியமல் என்ற அன்றைய இடதுசாரி இயக்கத்து இளைஞர்கள் மருந்தையும் உணவையும் சுமந்துகொண்டு கிராமங்களுக்குள் போனார்கள். என். எம். பெரேரா அவர்களில் ஒருவர். 1936இல் ருவன்வெல்ல மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். நோய்க் காலத்தில் வீட்டு வாசல்வரை வந்தவரை மக்கள் மறப்பதில்லை. கோவிட் காலத்தில் தோட்டத் தொழிற்சங்கங்களுக்கு அந்த வாய்ப்பு இருந்தது. சந்தாப் பணம் பிடிக்க ஒவ்வொரு லயத்திலும் ஆள் வைத்திருக்கும் அமைப்புகள், ஊசி நாளுக்கு மறுநாள் அதே ஆளை வீடு வீடாக அனுப்பியிருக்கலாம். கோயில் கமிட்டித் தலைவர், தோட்டப் பாடசாலை ஆசிரியர், பிள்ளைக் காம்பராவின் பொறுப்பாளர் எல்லோருமே அந்தப் பட்டியலில் வரக்கூடியவர்கள். சில இடங்களில் தாமாகவே செய்தார்கள். திட்டத்தின் பகுதியாக அவர்களை யாரும் எடுக்கவில்லை.

அடுத்த தொற்று வரும்போது, அல்லது அடுத்த புதிய ஊசி பாடசாலைக்கு வரும்போது, பெற்றோரின் கைக்குப் போகும் சம்மதப் படிவத்திலிருந்தே வேலை தொடங்க வேண்டும். படிவம் தமிழில் இருக்க வேண்டும். எந்த நிறுவனத்தின் ஊசி, முன்பு பெற்றோருக்குப் போட்டதா, வேறா என்று அதில் எழுத வேண்டும். பொதுவாக வரும் காய்ச்சலையும் அரிதாக வரும் நெஞ்சு வலியையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதன் அடியில் மிஸ்ஸியின் தொலைபேசி இலக்கம், இரவில் அழைத்தால் வரும் தோட்ட வாகனத்தின் சாரதி இலக்கம், இரண்டும் இருக்க வேண்டும். அதே நாளில், பிள்ளையின் ஊசிக்கு மறுநாள் வேலைக்கு வராத அம்மாவுக்கோ அப்பாவுக்கோ முழுப்பேர் போடும்படி கம்பனிக்கும் உத்தரவு போக வேண்டும். சப்ரகமுவவில் தமிழ் தெரிந்த குடும்ப நல உத்தியோகத்தர் போதாத இடங்களுக்குத் தோட்டத்துப் பிள்ளைகளையே பயிற்றி நியமிக்க வேண்டும். அதற்கு ஓரிரு ஆண்டுகள் பிடிக்கும், ஆகவே தொற்று இல்லாத இந்தக் காலத்திலேயே அதைத் தொடங்கியாக வேண்டும்.